பேர் வெட்டுன தூக்குவாளி

ஏலே மக்கா, மொதல்ல பரணை விட்டுக் கீழ எறங்கு. அங்கன தேளு கெடக்கும். காலையில இருந்து நீ அடுக்களைக்குள்ள உருட்டுத உருட்டுல, தெருவுல போறவ எல்லாம் நம்ம வீட்டுல சண்டைன்னு நின்னு காது குடுத்துட்டுப் போறா. ஒண்ணும் கேக்கலைன்னதும் மூஞ்சி வாடிப் போறா, பாவம்.

நீ எறக்கி வச்ச சாமானை ஒருக்க எண்ணிக்கிடுதேன். ஈயம் போன பித்தளைச் செம்பு ஒண்ணு. கைப்பிடி ஒடிஞ்ச இட்லிக் கொப்பரை ஒண்ணு. டிபன் கேரியர், மூணு அடுக்குதான் இருக்கு; நாலாவது அடுக்கு எங்கன்னு ஒங்க ஆச்சி இருவது வருஷமா என்னையக் கேக்கா. அரிக்கேன் லைட்டு. உப்பளத்துல உப்பு வாருன பலகை, பலகை மக்கிப்போயி காம்பு மட்டும். பொறவு அந்தக் கல்லு. பொறவு அந்தத் தூக்குவாளி. தூக்குவாளிக் கதையைக் கடைசியா வச்சிக்கிடுவோம், ஒங்க ஆச்சி இப்பத்தான் கண்ணசந்திருக்கா.

இதை வச்சு என்னலே செய்யப்போறன்னு கேட்டா, சிற்பம் தாத்தான்னு சொல்லுத. சிற்பம்னா நான் கழுகுமலை வெட்டுவான் கோயில்ல பாத்திருக்கேன். அங்க பாண்டியன் காலத்து ஆளு மலையைக் கொடஞ்சான். மாமியா வீட்டுக் கொப்பரையைக் கொடையலை. எழும்பூர்ப் பக்கம் 1850ல வெள்ளைக்காரன் ஆரம்பிச்ச அந்தக் காலேஜுல நாலு வருஷம் படிச்சிட்டு வந்து, கடைசியில ஒங்க ஆச்சி பரணுலதான் கை வைக்கணும்னு தோணிருக்கு பாரு. படிப்புன்னா அது படிப்பு.

கோவிச்சுக்காதே. ஒன்னைய நான் கேலி பண்ண முடியாது. நானே நாப்பது வருஷம் இந்த மாப்பிள்ளையூரணியில காயலாங்கடை நடத்துனவன். காயல்பட்டணத்து யாவாரிமாரால வந்த பேருன்னு நம்ம பக்கம் சொல்லுவாக. மெட்ராஸ்காரனுக்கு அது தெரியாது, காய்ச்சல் வந்த கடைன்னு நெனச்சிக்கிடுதான். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்னு தள்ளுவண்டியில கூவிப் பொறக்குனதுலதான் ஒன் அப்பன் படிச்சான். ஆக ஒன் தொழிலும் என் தொழிலும் ஒண்ணு. ஊரு வேண்டாம்னு போட்டதை நானும் எடுத்தேன், நீயும் எடுக்க. நான் தராசுல வச்சேன், நீ மேடையில வைக்கப்போற. எனக்குக் கெடச்சது கிலோவுக்கு இவ்வளவுன்னு. ஒனக்கு என்ன கெடைக்கும்னு பொறவு பாப்போம்.

நேத்து ராத்திரி ஒன் செல்லுல காட்டுனியே, அந்தப் பிரெஞ்சுக்காரரு, டுஷாம்ப். 1913ல சைக்கிள் சக்கரத்தைக் கழத்தி ஒரு ஸ்டூலு மேல தலைகீழா நட்டாரு. மறு வருஷம் பாரீஸ்ல கடையில வித்த இரும்புத் தட்டி, கழுவுன பாட்டிலைக் கவுத்துக் காயப்போடுறது, அதை வாங்கி அப்படியே வச்சாரு. செதுக்கலை, அடிக்கலை, ஒரு பூச்சு கூடக் கெடையாது. வாங்குனது மட்டும்தான் வேலை. பொறவு அவரு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டாரு. ரூமைக் காலி பண்ண வந்த தங்கச்சி சக்கரத்தையும் தட்டியையும் பாத்தா, என்ன எழவு இதுன்னு தூக்கிக் குப்பையில போட்டுட்டா. அந்தத் தங்கச்சியை எனக்குப் பிடிச்சிருக்குலே. நம்ம ஊருப் பொம்பளையா இருந்தா குப்பையில போட்டிருக்க மாட்டா, என் கடைக்குக் கொண்டாந்திருப்பா. ரெண்டுக்கும் சேத்து நானும் ஒரு படி பேரீச்சம்பழம் அளந்திருப்பேன்.

அதுக்கு மேல 1917ல நியூயார்க்குல ஒரு கூத்து. ஆம்பளைக ஒண்ணுக்குப் போற பீங்கானை, கொழாச் சாமான் கடையில வாங்கி, மல்லாக்கப் படுக்க வச்சு, ஆர். மட்னு ஒரு பொய்ப் பேரைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு. பணம் கட்டுனா யாரு எதைக் கொண்டாந்தாலும் வைப்போம்னு சொன்ன சங்கம், இதைப் பாத்ததும் கொண்டு போயி மறைச்சு வச்சுட்டு. அசல் பீங்கான் காணாமப் போச்சு. இன்னைக்கு மியூசியத்துல சீமான்க சுத்திச் சுத்திப் பாக்குறது 1964ல அவரு சம்மதத்தோட செஞ்ச நகலு. நகலுக்குக் காவக்காரன் வேற.

இந்தக் கையெழுத்து விசயத்துலதான் எனக்குச் சிரிப்பாணி அடக்க முடியலை. சாமான்ல பேரு எழுதிட்டா அது சிற்பம்னா, நம்ம தூத்துக்குடிப் பாத்திரக்கடைக்காரன் எத்தனை லட்சம் சிற்பம் செஞ்சு தள்ளியிருப்பான்! ஒரு தம்ளர் வாங்குனாலும் "பேரு வெட்டணுமா"ன்னு கேப்பான்லா. அந்தக் காலத்துல சின்ன உளியும் சுத்தியலும் வச்சுப் புள்ளி புள்ளியாக் குத்துவான். பொறவு மிஷின் வந்துச்சு, பல்லு டாக்டர் கடை மாதிரி விர்ருன்னு. பேரு வெட்டக் காசு கெடையாது, எழுத்துப்பிழையும் ஓசிதான். அன்பளிப்பு, "அன்பளிபு" ஆயிரும். செல்வியை "செவ்வி"யாக்கி, அந்தப் பிள்ளை அம்பது வயசு வரைக்கும் அந்தத் தம்ளர்லதான் காப்பி குடிச்சிருக்கா.

என் கடைக்கு வந்த சாமான்ல பாதியை நான் எடை பாக்குறதுக்கு முந்தி வாசிச்சிருக்கேன். கல்யாணம், சடங்கு, பால்காச்சு, வேலையில இருந்து ஓய்வு. குத்துப்போணியில தாய்மாமன் பேரு கொட்டை எழுத்துல இருக்கும், மாப்பிள்ளை பேரு பொடிசா ஓரத்துல இருக்கும். அந்தக் கல்யாணத்துல யாரு கை ஓங்குச்சுன்னு போட்டோவைப் பாத்தாத் தெரியாது, போணியைப் பாத்தாத் தெரியும்.

ஒருக்க ஒரு பொம்பளை ஒரு பித்தளைக் குடம் கொண்டாந்தா. உச்சி வெயில், முக்காடு போட்டுக்கிட்டு, நம்ம ஊரு முகம் இல்லை. தராசுல வச்சா. குடம் பூரா களிம்பு ஏறிக் கெடக்கு, கழுத்துக்குக் கீழ மட்டும் ரெண்டு விரக்கடை அகலத்துக்குப் பளபளன்னு இருக்கு. அரத்தால ராவியிருக்கா. வெளிய பேரு போயிருச்சு. ஆனா புள்ளி குத்துன தகடு உள்பக்கமாக் கொஞ்சம் புடைச்சு நிக்கும், தெரியுமா? வாய்க்குள்ள கையை விட்டுத் தடவுனா, எழுத்துத் தலைமாறி இருந்தாலும், பழகுன வெரலு வாசிச்சிரும். நான் தடவலைலே. தடவுனா தெரிஞ்சிரும். தெரிஞ்சுட்டா வெலை பேச முடியாது.

சரி, விடு. அந்தக் குடத்தை மனசுல வச்சுக்கிட்டுத்தான் நீ காட்டுன பீகார்க்காரரைப் பாத்தேன். சுபோத் குப்தா. 1964ல பாட்னா பக்கம் ககோல்னு ரயில்வே ஊருல பொறந்தவரு, அப்பா ரயில்வே கார்டு. நம்மள மாதிரித்தான், அடுக்களையில எவர்சில்வர் மின்னுனாத்தான் வீட்டுக்கு மருவாதின்னு வளந்த ஆளு. தூக்கு, வாளி, தட்டு, கரண்டி எல்லாத்தையும் நூத்துக்கணக்குல அள்ளி, 2006ல ஒரு மண்டையோடு செஞ்சிருக்காரு. ஓட்டு வீட்டு உசரம். மறு வருஷம் வெனிஸ்ல கால்வாய்க் கரையில, ஒரு அரமனை வாசல்ல கொண்டு வச்சிருக்கான். தோணியில போறவன் வாரவனெல்லாம் அதைப் பாத்துப் பல்லைக் காட்ட, அது அவனைப் பாத்துப் பல்லைக் காட்ட. பேரு "மகா பசிக்காரக் கடவுள்"னு வருது.

எடை எவ்வளவுலேன்னு கேட்டேன். தெரியாதுன்னுட்ட. காந்தம் வச்சுப் பாத்தானாலேன்னு கேட்டேன், முழிச்ச. எவர்சில்வர்னா மொதல்ல காந்தம் வைக்கணும் மக்கா. ஒட்டலைன்னா நல்ல சரக்கு, ஒட்டுச்சுன்னா மட்டம். கலையைப் பத்திப் பேச வந்துட்ட, காந்தம் இல்லாம வந்துட்ட.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், அந்த மண்டையோடு எனக்குப் புரிஞ்சிச்சு. நீ இங்கிலீஷ்ல ஏதோ நுகர்வு, உலகமயம்னு வாசிச்சியே, அது புரியலை. மண்டையோடு புரிஞ்சிச்சு. பாத்திரத்துல சோறு இருந்தா அது பாத்திரம். சோறு இல்லாத பாத்திரத்தை வரிசையா அடுக்கி வச்சிருக்க அடுக்களையை நீ பாத்ததில்லை. நான் பாத்திருக்கேன். வெளக்கி வெளக்கி மின்னும், ஏன்னா சமைக்க ஒண்ணுமில்லை, வெளக்கத்தான் நேரம் இருக்கு. அந்த வீட்டுல வெளிய இருந்து ஆளு வந்தா, ஒரு போணியைத் தொறந்து மூடிச் சத்தம் காட்டுவாக. அந்தச் சத்தம் இந்தச் சிற்பத்துல இருக்குலே. குப்தா அறிஞ்சு செஞ்சாரோ அறியாமச் செஞ்சாரோ.

டெல்லி சாகேத்துல இன்னொண்ணு இருக்காம்லா, 2008ல செஞ்சது, முப்பதடிக்கு மேல. அணுகுண்டு வெடிச்சா எழும்புற காளான் புகை, அத்தனையும் சட்டி பானை. அதுவும் சரிதான். எங்க குண்டு போட்டாலும் மொதல்ல கவுறுறது ஒல கொதிக்கிற பானைதானே.

குறையும் சொல்லணும்லா. அந்தப் பாத்திரம் பூராவும் புதுசு. ஒண்ணுலயும் பேரு வெட்டலை. அடி கருகலை, நெளிவு இல்லை, மூடி மாறிப்போகலை. எவன் வீட்டுச் சாமானும் இல்லைங்கிறதாலதான் எல்லார் வீட்டுச் சாமானும் ஆச்சுன்னு நீ சொன்ன. கெட்டிக்காரத்தனமான பதிலுதான். மார்க்கு போடலாம். எனக்கு ருசிக்கலை. கல்யாண மண்டபத்துல வாடகைப் பாத்திரத்துல சாப்பிட்ட மாதிரி இருக்கு.

இப்ப நான் தோத்த கதையைச் சொல்லுதேன், ஆச்சிட்டச் சொல்லிராதே. 1942ல பாரீஸ்ல ஜெர்மன்காரன் புடிச்சு உக்காந்திருந்த சமயம், பிக்காசோ ஒரு சைக்கிள் சீட்டையும் ஒரு ஹேண்டில்பாரையும் சேத்து வச்சாரு. சீட்டு மூஞ்சி, ஹேண்டில்பாரு கொம்பு. காளைத்தலை. அவ்வளவுதான் சோலி. நீ செல்லுல அந்தப் படத்தைக் காட்டுனதுக்கப்புறம் ராத்திரி நான் தூங்கலைலே. என் கடையில கெழக்குச் சொவரோரமா சீட்டு குமிச்சுக் கெடக்கும், தோலு தனி, ஸ்பிரிங் தனி. மேக்குச் சொவருல ஆணி அடிச்சு ஹேண்டில்பாரு தொங்கும். நடுவுல ஈசி சேருல நான். நாப்பது வருஷம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேந்தாப்பலத் திருப்பியிருந்தா நானும் காளையைப் பாத்திருப்பேன். நான் பாத்ததெல்லாம் துருப்பிடிச்ச இரும்பு, கிலோவுக்குக் கழிவு போக இவ்வளவு.

அந்தக் காளைத்தலையைப் பிக்காசோ பொறவு வெண்கலத்துல வார்த்து வச்சுக்கிட்டாராம். இரும்பை வெண்கலமாக்குனா வெலை கூடும்னு ஓவியருக்கும் தெரிஞ்சிருக்கு.

சண்டிகார்ல நேக் சந்துன்னு ஒருத்தரு. அவருதான் எங்க சாதி, காயலாங்கடைச் சாதி. ரோடு இன்ஸ்பெக்டர் உத்தியோகம். புது நகரம் கட்ட ஊர் ஊரா இடிச்சான்லா, அந்த இடிபாட்டுல கெடந்த ஓட்டை ஒடசல், ஒடஞ்ச வளையல், பீங்கான், கக்கூஸ் ஓடு எல்லாத்தையும் சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்து, 1957 சுமாருக்கு ஆரம்பிச்சு, காட்டுக்குள்ள சர்க்கார் நெலத்துல யாருக்கும் தெரியாம ஆளு, மாடு, மயிலுன்னு செஞ்சு நிறுத்திக்கிட்டே இருந்திருக்காரு. பதினஞ்சு வருஷத்துக்கு மேல ராத்திரி வேலை. கண்டுபிடிச்சப்போ இடிக்கணும்னு சொன்னவனும் உண்டு. 1976ல அதையே தோட்டம்னு தொறந்து வச்சு, அவரையே பாத்துக்கிடச் சொல்லிட்டாக. சர்க்கார் நெலத்துல அனுமதி இல்லாமக் குடிசை போட்டா இடிப்பான், சிற்பம் போட்டா பத்மஸ்ரீ குடுப்பான். 1984ல குடுத்தாக. இதை நம்ம தெருவுல யாருட்டயும் சொல்லிராதே, நாளைக்கே பொறம்போக்குல எல்லாவனும் மயிலு செஞ்சு நிறுத்திருவான்.

வாழைப்பழத்தைச் சொவத்துல டேப்பு போட்டு ஒட்டுனவரைப் பத்தி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. 2019ல மயாமியில லட்சத்து இருபதாயிரம் டாலருன்னான், 2024ல ஏலத்துல அறுவத்தி ரெண்டு லட்சம் டாலருக்கு மேல போச்சு, எடுத்தவன் உரிச்சுத் தின்னுட்டான். வாங்குனவனுக்குக் கெடைச்சது ஒரு காயிதமும், எப்படி ஒட்டணும்னு வெவரமும். ஏலத்துக்கு அந்தப் பழத்தை முப்பத்தஞ்சு சென்ட்டுக்கு வித்தவரு, ரோட்டோரத்துல கடை போட்ட வங்கதேசத்துப் பெரியவராம், எழுவத்தி நாலு வயசு. வெவரம் தெரிஞ்சு அழுதுட்டாராம். ஏரலு, சீவைகுண்டத்துத் தாரு வெட்டுற பயலுக்கிட்ட இதைச் சொன்னேன். "பழத்துக்கு ரேட்டு எங்கன ஏறுது பாத்தீங்களா, எங்க வயக்காட்டுல மட்டும் ஏறாது"ன்னுட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டான்.

நம்ம திருநெல்வேலிச் சீமையில பொறந்த பாலசுப்ரமணியம்னு ஒரு சிற்பி இருக்காரே, ஒங்க காலேஜுலதான் படிச்சவரு. காத்துல ஆவியாகிக் கரைஞ்சு போற ஒரு சரக்குல சிற்பம் செஞ்சு, அது கரையக் கரைய உள்ள ஒளிஞ்சிருக்க தேவதைக வெளிய தெரியுற மாதிரி 2004ல வச்சாராம்லா. அதை வாசிச்சதும் நம்ம உப்பளம்தான் நெனவு வந்துச்சு. பாத்தியில கடல்தண்ணியைக் கட்டி வச்சா, வெயிலு தண்ணியைத் தூக்கிட்டுப் போயிரும், வெள்ளையா ஒண்ணு அடியில ஒக்காந்திருக்கும். ஒங்க ஆச்சி பதினஞ்சு வருஷம் அதை வாருனவ. தேவதையைப் பாத்ததாச் சொன்னதில்லை. கால் பித்தவெடிப்புல உப்பு பூந்தா எப்படி எரியும்னு சொல்லியிருக்கா.

அந்தப் பலகைக் காம்பைப் பாத்தியா? மேல ஒரு சாண் தள்ளி, கீழ மொழங்காலு உசரத்துக்கு நேரே, ரெண்டு எடத்துல மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கி இருக்கு. கடையில வாங்குறப்போ நேராத்தான் இருந்துச்சு. அது ஒங்க ஆச்சி கை. வலது கை மேல, எடது கை கீழ. மேல உள்ள பள்ளம் ஆழம் ஜாஸ்தி, வலது பக்கமாச் சரிஞ்சு இருக்கு, ஏன்னா அவ வலது தோளு எறங்கி வாருவா. இன்னைக்கும் நடக்கையில அந்தத் தோளு எறங்கித்தான் இருக்கும், நீ பாத்ததில்லை. இதை நீ எதுவும் செய்ய வேண்டாம். அரத்தைத் தொடாதே, வார்னீஷ் அடிக்காதே. செதுக்க வேண்டியதை அவ செதுக்கி முடிச்சுட்டா, கூலி மட்டும் உப்பு வாருனதுக்கு வாங்கிக்கிட்டா.

கல்லுக்கு வா. நீ அதை "ஏதோ பழைய எடைக்கல்லு"ன்னு பரணுல கெடந்ததா நெனச்சிருக்க. கிறுக்கா, அது முத்துக்குளிக் கல்லு. என் பெரியப்பாவோடது. நான் சின்னப் பையலா இருக்கையில 1961ல கடைசியா தூத்துக்குடிக் கடல்ல முத்துக்குளிப்பு நடந்துச்சு. அதுக்குப் பொறவு பாருல சிப்பி சேரலை, சர்க்கார் அறிவிக்கலை. பத்துப் பன்னெண்டு கிலோ இருக்கும் இது. உச்சியில துளை, துளையில கயிறு, கயிறுல காலை மாட்டிக்கிட்டுக் குதிச்சா கல்லு ஆளை விர்ருன்னு அடிக்கு இழுத்துட்டுப் போயிரும். அடியில காலை உருவிக்கிட்டா மேல இருக்கிறவன் கல்லைத் தூக்கிருவான். இவரு மூச்சுப் புடிச்சு, கையில அம்புட்டதைக் கூடையில அள்ளிப்போட்டு, கயிறைச் சுண்டுனா ஆளைத் தூக்கணும். மேல கயிறு புடிக்க மச்சானைத்தான் வைக்கணும்னு சொல்லுவாக. அவன் கயிறை விட்டா, அவன் கூடப்பொறந்தா தாலி அறுப்பாளே. நம்ம கடக்கரையில உறவுமொறைக்கு அர்த்தம் அதுதான், இன்சூரன்சு.

துளையை நல்லாப் பாரு. ஒரு பக்கம் வட்டமா இருக்கு, மறுபக்கம் கயிறு அறுத்து அறுத்து நாக்கு மாதிரி வழவழன்னு பள்ளம். கருங்கல்லுலே அது. பெரியப்பா போனதுக்கப்புறம் இந்தக் கல்லு கதவுக்கு அண்டையாச்சு. பொறவு கன்னுக்குட்டியைக் கட்டுனோம். பொறவு ஒங்க ஆச்சி உப்புல மீனு ஊறப்போடுற பானை மூடி மேல பாரமா வச்சா. நாலு உத்தியோகம் பாத்து ரிட்டயர் ஆகி இருக்கு. இப்ப அஞ்சாவதா நீ சிற்பம்னு ஒரு உத்தியோகம் குடுக்க. போகட்டும், அதுவும் பாக்கட்டும். மீன்பானை வாடை அடிக்கும், கழுவிராதே. மெட்ராஸ்ல ஏசி ஹாலுல அந்த வாடை எழும்பட்டும், வந்தவன் மூக்கைப் பொத்திக்கிட்டுச் சுத்திப் பாக்கட்டும்.

கொச்சியில 2012ல மொத பினாலே கலைக் கண்காட்சி நடந்தப்போ, அதே குப்தா ஒரு பழைய கேரளத்துப் படகு நெறைய கட்டிலு, நாற்காலி, சட்டி, வலைன்னு ஒரு வீட்டையே ஏத்தி, தண்ணி இல்லாத எடத்துல நிறுத்தி வச்சிருந்தாராம். அந்தப் படத்தை மட்டும் நீ ரொம்ப நேரம் காட்டுன, நானும் ரொம்ப நேரம் பாத்தேன். அதைச் சிற்பம்னு பாக்க எனக்கு வரலை மக்கா. எம்பத்தி மூணுக்குப் பொறவு அக்கரை இலங்கையில இருந்து ராமேஸ்வரம் பக்கம் வந்த சனம், இப்படித்தான் வந்துச்சு. கட்டிலு ஏது, கையில அம்புட்டது. நம்ம தாப்பாத்தி அகதி முகாமுக்குப் பழைய சாமான் எடுக்க நான் போயிருக்கேன். ஒருத்தரு ஒரு சாவிக்கொத்து வச்சிருந்தாரு, பித்தளைச் சாவி, கனமானது. வெலைக்கு வருமான்னு கேட்டுட்டேன், வாய் சும்மா இருக்கலை. வீட்டுச் சாவின்னாரு. வீடு எங்கன்னு கேக்கலை நான். வீடு இருந்தா சாவி எதுக்கு இங்க இருக்கு.

யாழ்ப்பாணத்துச் சனாதனன்னு ஒரு ஓவியரு, கனடா வான்கூவர் மியூசியத்துக்காக ஒரு வேலை செஞ்சாருன்னு சொன்னியே, அங்க குடியேறுன நம்ம சனத்துக்கிட்ட ஆளுக்கொரு போத்தலைக் குடுத்து, வீடுன்னா ஒனக்கு என்னவோ அதை இதுக்குள்ள போட்டுத் தான்னு வாங்கி, வரிசையா அடுக்கி வச்சாருன்னு. அவருக்கு நான் கும்புடு போடுதேன். தானா ஒண்ணும் செய்யலை, கேட்டாரு. ஒனக்கும் அதைத்தான் சொல்லுதேன். எடுக்குறதுக்கு முந்தி கேளு. யார் வீட்டுச் சாமான், யாரு குடுத்தா, எதுக்கு நெளிஞ்சிச்சுன்னு கேளு. பரணுல ஏறித் திருடுறதுக்கு ஒனக்குக் காலேஜ் எதுக்கு, நம்ம ஊருல அதுக்குத் தனி ஆளு இருக்கான்.

சரி, ஆச்சி பொரண்டு படுக்கா, சீக்கிரம் சொல்லி முடிச்சிருதேன். தூக்குவாளி.

அதுதான் ஒனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்ன. ஒரு பக்கம் அழகா ஒடுங்கி, ஆளு ஒருக்களிச்சு நிக்கிற மாதிரி இருக்குன்ன. நடுவுல தனியா, மேல லைட்டு போட்டு வைக்கணும்ன. வை. ஆனா அதுல கைப்பிடிக்குக் கீழ புள்ளி புள்ளியா ஒரு எழுத்தும் ஒரு வருஷமும் வெட்டியிருக்கு பாத்தியா? நம்ம வீட்டுப் பேரு அது இல்லை. நானும் நாப்பது வருஷம் கடை நடத்துனேன், அடுத்தவன் பேரு வெட்டுன சாமானை வெவரம் கேக்காம வாங்குனதில்லை, போலீசு வந்து தேடுனப்பவும் என் கடையில ஒரு தம்ளரு கூட அகப்பட்டதில்லை. என் வீட்டு அடுக்களையில இருக்கு.

என் தங்கச்சி வீட்டுத் தூக்கு அது. ஒன் அப்பன் பொறந்தப்போ அதுல புள்ளிச்சுறாப் புட்டு கொண்டாந்தா. வெறுந்தூக்கா திருப்பிக் குடுக்கக்கூடாதுன்னு ஒங்க ஆச்சி வச்சிருந்தா, அதுல ஏதாவது போட்டுக் குடுக்கணும்னு. போட்டுக் குடுக்க நல்ல நாளு வாரதுக்குள்ள வேலிப் பிரச்சினை வந்துட்டு. பேச்சு இல்லை. அவ தேடி வந்து கேட்டப்போ, "அப்படி ஒரு தூக்கை நான் கண்ணுல கண்டதே இல்லை"ன்னு ஒங்க ஆச்சி பனிமயமாதா கோயில் இருக்க தெசையைப் பாத்துச் சத்தியம் பண்ணிட்டா. அன்னைக்கு வந்த கோவத்துல என் தங்கச்சி எத்துன எத்துலதான் அந்த நெளிவு. திண்ணையில கவுத்து வச்சிருந்த தூக்கு, சாக்கு மூடியிருந்துச்சு. எத்துனது தன் தூக்கைன்னு அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சாக்குக்குள்ள என்னமோ இருக்குன்னு எத்திட்டுப் போயிட்டா.

அவ மகதான் இப்ப மெட்ராஸ்ல அண்ணா நகர்ல இருக்கா. மாமன் பேரன் எக்சிபிஷன் வைக்கான்னு தெரிஞ்சா, ஆத்தாளைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு மொத நாளே வந்து நிப்பா. வந்தா மரியாதையாக் கூப்பிட்டு, சேர் போட்டு உக்கார வை, காப்பி குடு.

அந்தத் தூக்கை மட்டும் பேரு வெட்டுன பக்கம் சொவத்தைப் பாக்கத் திருப்பி வச்சிரு.